இன்குபேட்டருக்குள் ஏன் ஈரக் காற்று? சந்தேகங்களும் விளக்கங்களும்

கருவில் 28 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைகளை, மிகக் குறைமாதக் குழந்தைகள் என்று மருத்துவர்கள் தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவை ஒட்டி எடை இருக்கும். இவர்கள் படுத்திருக்கும் இன்குபேட்டரின் திரையில் இரண்டு எண்கள் பெரிதாகத் தெரியும். ஒன்று வெப்பம். அது என்னவென்று பெற்றோருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். இன்னொன்று ஈரப்பதம்; 80% என்றோ 85% என்றோ காட்டும். இது எதற்கு என்று கேட்டால், “குழந்தைக்கு நல்லதும்மா” என்ற ஒற்றை வரியோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. வார்டில் ஆள் குறைவு, வேலை அதிகம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால், மணிக்கணக்கில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்க்கும் தந்தைக்கும் இதைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

வெப்பம் தேவை என்பது புரிகிறது. ஈரம் எதற்கு?

காரணம் தோலில் இருக்கிறது. நம் தோலின் மேற்புறத்தில், இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த மெல்லிய ஏடு ஒன்று உண்டு. உடம்பிலுள்ள நீரை வெளியே விடாமல் தடுப்பது அதுதான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த ஏடு பத்திலிருந்து இருபது அடுக்கு வரை இருக்கும். 24 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று அடுக்கு இருந்தாலே அதிகம். அந்தக் குழந்தையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோல் சிவந்து, பளபளவென்று, உள்ளிருக்கும் நரம்பெல்லாம் தெரியும்படி இருக்கும். ஊசிக் குழாயை ஒட்டிய பிளாஸ்திரியைச் சற்று அவசரமாக உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். அதனால்தான் செவிலியர்கள் பிளாஸ்திரியின் ஓரத்தை நனைத்து நனைத்து, மெதுவாகக் கழற்றுகிறார்கள்.

இப்படிப்பட்ட தோலின் வழியே நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இது வியர்வை அல்ல. இந்த வயதில் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யவே தொடங்கியிருக்காது. தடுக்க ஒன்றும் இல்லாததால் நீர் தானாகக் கசிந்து காற்றில் கலக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஹாமர்லுண்ட், செடின் என்ற இரு மருத்துவர்கள் 1970களின் இறுதியிலிருந்து, குழந்தைகளின் தோலை ஒட்டிச் சிறு கருவியை வைத்து இந்த இழப்பை அளந்தார்கள். 25 வாரத்தில் பிறந்த குழந்தை, ஒரே அளவு தோல் பரப்பிலிருந்து, நிறைமாதக் குழந்தை இழப்பதைப் போல ஏறக்குறைய 15 மடங்கு நீரை இழக்கிறது என்று தெரியவந்தது. போதாக்குறைக்கு, உடல் எடையோடு ஒப்பிட்டால் இந்தக் குழந்தைகளின் தோல் பரப்பும் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகம்.

இந்தக் கசிவை எது தீர்மானிக்கிறது? தோலுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான ஈர வித்தியாசம். சித்திரை வெயிலில் கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாளானாலும் நமுத்தே கிடக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், துணியிலிருந்து ஈரம் கிளம்ப இடமில்லை. இன்குபேட்டருக்குள் செய்வதும் அதைத்தான். காற்றின் ஈரத்தைக் கூட்டிவிட்டால் தோலிலிருந்து நீர் வெளியேறுவது பெருமளவு குறைகிறது.

போகிற நீரைக் குழாய் வழியாகத் திரும்ப ஏற்றிவிடலாமே?

நியாயமான கேள்வி. ஓரளவு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், அதை மட்டும் நம்பினால் தொல்லை பல வழிகளில் வருகிறது.

முதலில் உப்பு. தோல் வழியே போவது பெரும்பாலும் தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓரிரண்டு நாளிலேயே ரத்தத்தில் சோடியம் 150ஐத் தாண்டிவிடும். இந்தக் குழந்தைகளின் மூளையிலுள்ள ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. முதல் மூன்று நாட்கள்தான் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள நாட்கள். அந்த நேரத்தில் சோடியம் தாறுமாறாக ஏறுவதை எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார்.

சரி, அதைக் கரைக்க நீரை அதிகமாக ஏற்றினால்? பிறந்தவுடன் மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக் குழாய் மூடாமல் திறந்தே இருந்துவிடும். நுரையீரலில் நீர் கோக்கும். வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும். ஏற்றும் நீர் பெரும்பாலும் குளுக்கோஸ் கலந்தது என்பதால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். அரைக் கிலோ உடம்புக்குள் எத்தனை மில்லி ஏற்றுவது என்று ஒவ்வொரு ஆறு மணி நேரமும் கணக்குப் போடும் மருத்துவருக்கு, தோல் வழியே எவ்வளவு போகிறது என்பது தெரியாத கணக்காகவே இருக்கும். ஈரப்பதம் அந்தத் தெரியாத எண்ணைச் சிறிதாக்கிக் கொடுக்கிறது.

அதைவிட முக்கியமானது வெப்பம். ஒரு கிராம் நீர் ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 0.58 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டுதான் போகும். 600 கிராம் எடையுள்ள குழந்தை ஒன்று, உலர்ந்த காற்றில் ஒரு நாளில் 90 மில்லி நீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையில் இது நடக்கக்கூடிய அளவுதான். அதோடு போகும் வெப்பம் 52 கிலோ கலோரி. அந்தக் குழந்தை நாள் முழுக்கத் தன் உடம்பில் உண்டாக்கும் வெப்பமோ 25, 30 கிலோ கலோரிக்குள்தான் இருக்கும். வருமானத்தைப்போல இரண்டு பங்கு செலவு. இன்குபேட்டரின் சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் சில குழந்தைகளின் உடல் குளிர்ந்தே இருப்பதற்கு இதுதான் காரணம். குழாய் வழியாக நீரைத் திருப்பித் தரலாம். இப்படிப் போன வெப்பத்தை அந்த வழியில் தர முடியாது.

அமெரிக்காவின் பாஸ்டனில், ஈரப்பதம் கூட்டும் வசதியுள்ள இன்குபேட்டர்களுக்கு மாறியபோது நடந்ததை 2010இல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்குக் குறைந்த அளவு நீரே தேவைப்பட்டது. சோடியம் ஏறுவது குறைந்தது. எடை கூடுவதும் மேம்பட்டது.

சென்னையில் எப்போதும் புழுக்கம்தான். இங்கே போய் ஈரம் கூட்ட வேண்டுமா?

இதைச் சில இளம் மருத்துவர்களே கேட்பதுண்டு. கணக்கைப் பார்த்துவிட்டால் தெளிவாகிவிடும்.

சதவீதத்தில் சொல்லும் ஈரப்பதம், காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியுமோ அதில் எவ்வளவு பங்கு இப்போது இருக்கிறது என்பதைத்தான் காட்டும். சூடு கூடக் கூடக் காற்றின் தாங்கும் திறனும் கூடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். வெளியே ஈரப்பதம் 70% என்றால் அதில் இருப்பது 21 கிராம். அதே காற்றை இன்குபேட்டருக்குள் இழுத்து 36 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் தாங்கும் திறன் 42 கிராம் ஆகிவிடுகிறது. இருப்பதோ அதே 21 கிராம். ஆக, புழுங்கித் தள்ளும் சென்னைக் காற்றே உள்ளே போனதும் 50% ஆகிவிடும்.

இது ஜன்னல் திறந்த அறைக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏசி ஓடும். 25 டிகிரியில் 50% ஈரப்பதமுள்ள வார்டுக் காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால் குழந்தையைச் சுற்றி இருக்கப்போவது 28% கூட இல்லை. கோடையின் உச்சத்தில் வேலூரில் வீசும் அனல் காற்று போன்ற வறட்சி அது. தோல் முற்றாத குழந்தை அதற்குள் படுத்திருக்கக் கூடாது. ஈரத்தைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும், சென்னையானாலும் சரி, நாகப்பட்டினமானாலும் சரி.

எங்கள் காலத்தில் இப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லையே என்கிறார் பாட்டி. இது புதிய பழக்கமா?

பழையதுதான், நடுவில் கைவிடப்பட்டுத் திரும்ப வந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இன்றைய பல சந்தேகங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1880ஐ ஒட்டி, பாரிஸில் மகப்பேறு மருத்துவர் தார்னியே, கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துக் குழந்தைகளுக்கும் அப்படி ஒன்றைச் செய்யச் சொன்னார். அங்கே புழக்கத்துக்கு வந்த பெட்டியில், சூடான காற்று மேலே போகும் வழியில் நனைத்த பஞ்சு ஒன்றை வைத்திருந்தார்கள். வெறும் சூடு குழந்தையைக் காயவைத்துவிடும் என்பது அன்றே அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

1950களில் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவர் இதை முறையாகச் சோதித்தார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு 80 முதல் 90% ஈரப்பதம். மற்றவர்களுக்கு 30 முதல் 60%. ஈரம் அதிகம் இருந்தவர்களில் கூடுதல் குழந்தைகள் பிழைத்தார்கள். 1957இல் முடிவு வெளியானது. வேறொருவராக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். ஈரமான காற்றில் இருந்த குழந்தைகளின் உடல் வெப்பமும் சற்று அதிகமாக இருந்ததைச் சில்வர்மன் கவனித்தார். காப்பாற்றியது ஈரமா, சூடா? அடுத்த சோதனையில் இன்குபேட்டரின் வெப்பத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்: ஒரு பிரிவுக்கு 28.9 டிகிரி, மற்றொன்றுக்கு 31.7 டிகிரி. மூன்று டிகிரிகூட இல்லாத அந்த வித்தியாசத்தில், நூறு குழந்தைகளுக்குச் சுமார் 15 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். 1958இல் இது வெளியானபோது, சூடு சரியாக இருந்தால் போதும், ஈரம் தேவையில்லை என்று மருத்துவ உலகம் முடிவு கட்டியது. அன்றைய குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அன்று பிழைக்க வாய்ப்பிருந்தவர்கள் ஓரளவு தோல் முற்றிய குழந்தைகள். 25 வாரக் குழந்தை அந்தக் கணக்கிலேயே இல்லை.

பிறகு வென்டிலேட்டர் வந்தது, நுரையீரலுக்கான மருந்து வந்தது, 25 வாரக் குழந்தைகளும் பிழைக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் உப்சாலாவின் அளவீடுகளுக்கு அர்த்தம் வந்தது. ஈரப்பதம் மீண்டும் இன்குபேட்டருக்குள் வந்தது.

ஈரம் இருந்தால் கிருமி வளருமே?

வளரும். இந்தப் பயம் வீண் பயம் அல்ல.

பழைய இன்குபேட்டர்களில் அடியில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். காற்று அதன் மேல் உரசிக்கொண்டு போகும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் சுகமாக வளரும். காற்றோடு நுண்ணிய நீர்த்துளிகளும் பறக்கும். அதில் ஏறிக் கிருமியும் குழந்தையிடம் போகும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஹார்பின், ரட்டர் என்ற மருத்துவர்கள் 1985இல் எழுதியதில் இரண்டு பக்கமும் இருக்கிறது: ஈரம் தந்த குழந்தைகள் குளிர்ந்துபோவது குறைந்தது, ஆனால், சூடோமோனாஸ் அவர்களிடம்தான் அதிகம் தென்பட்டது.

இப்போதைய கருவிகளில் அமைப்பே வேறு. நீரை ஒரு தனி அறையில் கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். ஆவியில் கிருமி பயணம் செய்ய முடியாது. அதற்குத் துளி வேண்டும். ஆகவே, ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர, ஒழிந்துவிடவில்லை. 85% ஈரத்தில் உள்ளே எங்காவது நீர் வழிந்து தேங்கினால், அங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரலாம். இவ்வளவு மெல்லிய தோலில் பூஞ்சை பற்றினால் அது உயிருக்கே உலை வைக்கும்.

இதனால்தான் சில விதிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தொட்டியில் கிருமி நீக்கிய டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. மிச்சமிருக்கும் நீரோடு புது நீரைச் சேர்த்து ஊற்றக் கூடாது. பழையதைக் கொட்டிவிட்டு நிரப்ப வேண்டும். அதிக ஈரத்தில் இருக்கும் குழந்தையை வாரத்துக்கு ஒருமுறையாவது வேறு சுத்தமான இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டு, பழையதைக் கழற்றிக் கழுவ வேண்டும். நனைந்த துணி உடனே மாற வேண்டும். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்த அன்றாட வேலை சரியாக நடக்காத வார்டில் அதிக ஈரப்பதம் வைப்பது ஆபத்து என்றே சொல்வேன்.

எத்தனை நாள் இப்படி வைப்பார்கள்? அதிக நாள் வைத்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. இங்குதான் ஈரப்பதத்தின் மறுபக்கம் வருகிறது.

வெளிக்காற்று படத் தொடங்கியதும் தோல் வேகமாக முற்றத் தொடங்கும். கருவில் பல வாரங்களில் நடக்க வேண்டியது பிறந்த பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு நடந்துவிடும். 23, 24 வாரக் குழந்தைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அந்த முதிர்ச்சியைத் தூண்டுவதில் காற்றின் வறட்சிக்கும் பங்கு உண்டு. உப்சாலாவில் ஓகிரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 23 முதல் 27 வாரத்தில் பிறந்த 22 குழந்தைகள் இருந்தார்கள். முதல் வாரம் முடிந்ததும், பாதிப் பேருக்கு 75%, மற்றவர்களுக்கு 50% என்று பிரித்தார்கள். 28ஆம் நாளில் அளந்தபோது, 75%இல் இருந்தவர்களின் தோல் வழியே மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 22 கிராம் நீர் போனது. 50%இல் இருந்தவர்களுக்கு 13 கிராம்தான். ஈரத்திலேயே வைத்திருந்த குழந்தைகளின் தோல் பின்தங்கிவிட்டது.

சிறிய ஆய்வுதான். ஆனாலும், நடைமுறையை மாற்றிய ஆய்வு. முதல் வாரம் அதிக ஈரம், பிறகு படிப்படியாகக் குறைப்பு என்ற முறை இதனால் வலுப்பெற்றது. பல மருத்துவமனைகளில் 80, 85%இல் தொடங்கி, ஒரு வாரம் கழித்து நாளுக்கு 5% வீதம் இறக்கி, 50%ஐ ஒட்டி வந்ததும் நிறுத்துகிறார்கள். 23 வாரக் குழந்தைக்கு இறக்குவதைத் தாமதப்படுத்துவார்கள். 28 வாரக் குழந்தைக்குச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. ஒரே ஊரின் இரண்டு மருத்துவமனைகளில்கூட எண் மாறலாம். பக்கத்துப் பெட்டியில் 80 என்றும் உங்கள் குழந்தைக்கு 65 என்றும் காட்டினால், அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்துகொண்டே வரும் அந்த எண், உங்கள் குழந்தையின் தோல் தேறிவருகிறது என்பதற்கான அடையாளம்.

கண்ணாடியெல்லாம் பனி மூடி, உள்ளே நீர் வழிகிறது. குழந்தைக்குக் குளிராதா?

சூடான ஈரக் காற்று, அறையின் ஏசியால் குளிர்ந்த சுவரில் பட்டால் நீராகப் படியும். லேசான பனி இயல்பு. ஆனால், சொட்டுச் சொட்டாக வழிந்து மெத்தையை நனைக்கிறது, குழந்தையே சரியாகத் தெரியவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஏசி காற்று நேராகப் பெட்டியில் படுகிறதா என்று பார்ப்பார்கள், துடைப்பார்கள், தேவைப்பட்டால் ஈரத்தைச் சற்று இறக்குவார்கள். குழந்தையின் நிறமும் மூச்சும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேங்கும் நீரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 95, 100% என்று வைக்கப் பலரும் தயங்குவதற்கு இவையும் காரணம்.

கையை உள்ளே விட்டுக் குழந்தையைத் தொடலாமா?

தொடலாம், தொட வேண்டும். எப்படி, எப்போது என்பதுதான் விஷயம்.

பக்கவாட்டிலுள்ள வட்டக் கதவைத் திறந்தவுடன் திரையைப் பாருங்கள். 80இல் இருந்த எண் மளமளவென்று சரியும். மூடிய பிறகு பழைய நிலைக்கு வர நேரம் பிடிக்கும். ரத்தம் எடுக்க ஒருமுறை, துணி மாற்ற ஒருமுறை, மருத்துவர் பார்க்க ஒருமுறை என்று தனித்தனியே திறந்தால், திரையில் 80 என்று அமைத்திருந்தாலும் குழந்தைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். எனவே, நல்ல வார்டுகளில் வேலைகளைச் சேர்த்துச் செய்வார்கள்: எடை, துணி, மருந்து, பரிசோதனை எல்லாம் ஒரே தடவையில். எடையைக்கூடக் குழந்தையை வெளியே எடுக்காமல், பெட்டிக்குள்ளிருக்கும் தராசிலேயே பார்ப்பார்கள். அந்த நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்களும் அப்போது கையைக் கழுவி உள்ளே விடுங்கள். தடவிக்கொடுக்க வேண்டாம், இந்தத் தோலுக்கு உரசல் வலிக்கும். ஒரு கை தலையிலும் ஒரு கை பாதத்திலுமாக அசையாமல் பொத்திப் பிடித்திருங்கள். அதில் குழந்தை அமைதியாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கங்காரு முறையில் நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கே ஈரம் ஏது?

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரேய் என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியவர்களில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு, 2022இல், குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும் கூடிய விரைவில் இதைத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஒரு கிலோவுக்கும் கீழே இருப்பவர்கள்? உப்சாலாவிலேயே 2012இல், 22 முதல் 26 வாரத்தில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளைத் தாய், தந்தையின் நெஞ்சில் வைத்து அளந்து பார்த்தார்கள். நீர் இழப்பு சற்றுக் கூடியது. ஆனால், சமாளிக்கக்கூடிய அளவுதான். உடல் வெப்பம் நிலையாகவே இருந்தது. ஒட்டியிருக்கும் பாதி உடம்பைத் தாயின் தோல் மூடிவிடுகிறது. மீதியைப் போர்வையும் குல்லாவும் பார்த்துக்கொள்கின்றன. குழாய்களோடு குழந்தையை எடுத்து மாற்றப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ஆகவே, எந்த நாளில் தொடங்குவது என்பதை அந்த வார்டின் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஈரப்பதம் குறைந்துவிடும் என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லி வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் காயாது என்று மாமியார் சொல்கிறார்…

முழுக்கத் தவறல்ல. எண்ணெய்ப் படலம் நீர் இழப்பைக் குறைக்கும் என்று, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடம் தேங்காய் எண்ணெயைக் கொண்டு இந்தியாவிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. டாக்காவில் சூரியகாந்தி எண்ணெய் தடவிய குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று குறைந்ததாக 2005இல் வெளியானது. ஆனால், ஒரு கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குப் பெட்ரோலியம் கலந்த களிம்பைத் தடவிய அமெரிக்க ஆய்வில் ரத்தத் தொற்று கூடியது. தடவும்போது உரசும், பிளாஸ்திரி ஒட்டாது, எண்ணெய் சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. வீட்டிலிருந்து சீசாவில் கொண்டுவந்து நீங்களாகத் தடவ வேண்டாம். முதல் இரண்டு வாரம் கண்டிப்பாக வேண்டாம்.

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் இன்குபேட்டர் இல்லை, மேலே சூடு வரும் வார்மர்தான் இருக்கிறது. என்ன செய்வது?

இந்தியாவின் பெரும்பாலான அரசு பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் வார்மரே பிரதானம். அதற்குக் காரணமும் உண்டு: நாலா பக்கமும் திறந்திருப்பதால் குழந்தையை எளிதில் அணுகலாம், பராமரிப்பு எளிது. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு அது போதும். 700 கிராம் குழந்தைக்குப் போதாது. மேலிருந்து வரும் சூடு, திறந்த காற்று இரண்டும் சேர்ந்து நீர் இழப்பைப் பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ கூட்டிவிடும். மஞ்சள் காமாலைக்கான விளக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

கையிலிருக்கும் எளிய வழி பிளாஸ்டிக். சமையலறையில் பயன்படும் மெல்லிய க்ளிங் ராப்பை வார்மரின் இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே விரைப்பாக இழுத்து ஒட்டிவிட்டால், சூடு உள்ளே வரும். ஈரம் வெளியே போகாது. அந்தச் சிறிய இடத்துக்குள் குழந்தையைச் சுற்றி ஈரம் தானே தங்கும். முகத்தின் மேல் சரிந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னதாக, பிரசவ அறையிலேயே, பிறந்த குழந்தையைத் துடைக்காமல் ஈரத்தோடு கழுத்து வரை பாலித்தீன் பைக்குள் வைத்துவிடுவது இப்போது உலகெங்கும் உள்ள வழக்கம். பையில் போட்டதைப் பார்த்துப் பதறும் உறவினர்கள் உண்டு. அந்தப் பைதான் முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தையைக் குளிரிலிருந்து காக்கிறது.

ஆனால், இவை தற்காலிக ஏற்பாடுகள். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளை ஏற்கும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஈரப்பதம் கூட்டும் இன்குபேட்டர்கள் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. ஈரம் அளக்கும் சென்சார் பழுதானால் சரிசெய்ய ஆளும், தடையில்லாமல் வரும் டிஸ்டில்டு வாட்டரும், கழற்றிக் கழுவக் கூடுதலாக ஒரு பெட்டியும், இரவில் இரண்டு குழந்தைக்கு ஒரு செவிலியரும் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த நான்கையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், பிறந்த பின் குழந்தையை ஆம்புலன்ஸில் அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது.

வென்டிலேட்டர் காற்றிலும் ஈரம் கலக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. அது மூச்சுக்குழாய்க்கு, 37 டிகிரியில் முழு ஈரத்தோடு போக வேண்டும், இல்லையென்றால் சளி கெட்டியாகிக் குழாய் அடைக்கும். இன்குபேட்டர் ஈரம் தோலுக்கு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. இன்குபேட்டர் ஈரத்தை நிறுத்திய பிறகும் அது தொடரும்.

ஏழு மாதத்தில் பிறந்தால் தங்கும், எட்டு மாதத்தில் பிறந்தால் தங்காது என்கிறார்களே?

தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. தோலை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 32, 34 வாரத்தில் அந்த மேல் ஏடு ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. எட்டு மாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஈரப்பதமே தேவைப்படாது.

வீட்டுக்கு வந்த பிறகு அறையில் ஹ்யூமிடிஃபையர் வாங்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் நிலையை எட்டிய குழந்தையின் தோல், நீரைக் காக்கும் வேலையைத் தானே செய்யும். சரியாகக் கழுவாத ஹ்யூமிடிஃபையர், மேலே சொன்ன பழைய தொட்டிகள் செய்த வேலையைத்தான் வீட்டிலும் செய்யும். அந்தப் பணத்துக்கு நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கைகால் சில்லென்று இருந்தால் நெஞ்சோடு அணைத்துப் போர்த்துங்கள். அப்படியும் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழேயே நின்றாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.